பெட்டி வந்த வியாழக்கிழமை

"எதிரி தமது காரில் வளாகத்தைவிட்டு வெளியேறியபோது, அங்கிருந்த முதலீட்டாளர்கள் எவரும் தடுக்கவில்லை."

தீர்ப்பின் நகலில் இப்படி ஒரு வரி இருக்கிறது. நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். எங்களுக்கு அவர் தியேட்டர் முதலாளி. தீர்ப்பில் தேதி உண்டு, கிழமை இல்லை. பழைய காலண்டரில் தேடிப் பார்த்தேன்: வியாழக்கிழமை. அந்தக் கிழமை தெரியாமல் இந்த வரியைப் புரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால், தடுத்தார்கள். முதலில் தடுத்தவள் என் அத்தை.

மானாம்பதிப் பக்கம் டூரிங் கொட்டகை நடத்தியவர் முதலாளி. பிறகு உத்திரமேரூரில் தியேட்டர் கட்டினார். அடுத்து ரைஸ் மில். தொண்ணூறுகளில், பலரும் ஆரம்பித்ததுபோல், பைனான்ஸ். டிக்கெட் கவுண்டருக்கு அடுத்த ஜன்னலிலேயே டெபாசிட் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை வரிசையைப் பார்த்தவர்களுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

மாமா லாரி மோதி இறந்ததற்கு வந்த நஷ்டஈட்டை அத்தை அந்த ஜன்னலில்தான் கட்டியிருந்தாள். குடியிருந்த வாடகை வீட்டையே விலைக்குப் பேசி, ஆவணிக்குள் பணம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். தவறினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். அவளும் இரண்டு பிள்ளைகளும் வெளியேற வேண்டியதுதான்.

பைனான்ஸின் காஞ்சிபுரம் கிளை பூட்டிக்கிடக்கிறது என்று அந்த வியாழக்கிழமை காலையில் சேதி வந்தது. அத்தையைத் தனியாக விடக்கூடாது என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். ஒன்பது வயதுக் காவல்.

நாங்கள் போனபோது தியேட்டர் வாசலில் கூட்டம் திரண்டிருந்தது. முதலாளி காருக்குள் உட்கார்ந்திருந்தார். அத்தை நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"கண்ணாடிய ஏத்திக்கினு குந்தியிருந்தா நாங்க பூடுவமா? எம் பணத்த வச்சிட்டு வண்டிய எடு."

கண்ணாடி பாதி இறங்கியது. "இன்னாம்மா, நான் இன்னா ஊர வுட்டா ஓடறேன்? தியேட்டரு இங்கதான கீது."

"கீது, கீது. தூக்கினு போவ முடியாதுன்னுதான் அது கீது."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் யாரோ காரின் கூரையில் ஓங்கி அறைந்தார்கள். ஒருவர் கையில் கல் இருந்ததைப் பார்த்தேன். அத்தையின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேனேஜர் ஓடி வந்தார்.

"பேஜார் பண்ணாதீங்க. பொட்டி செங்கல்பட்டுக்கு வந்துட்டுது. மொதலாளி நேர்ல போனாத்தான் வுடுவான். சாயங்காலம் இங்க வந்துடும்."

கூட்டம் அடங்கியது. "எம்மாம் பெரிய பொட்டி?" என்று கேட்டார் மாகறலில் இருந்து வந்த ஒரு விவசாயி.

"எப்பவும் வர்றதுதான். தகரப் பொட்டி. ரெண்டு ஆளு தூக்கணும்."

ரெண்டு ஆளு என்ற வார்த்தை பின்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அத்தை மட்டும் நகரவில்லை.

"நெசமா வருமா?"

"வியாழக்கெழம வராம எந்த வாரம்மா இருந்துச்சி?"

அத்தை ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்று, "வழிய வுடுங்க, போயி எடுத்தாரட்டும்" என்றாள். கல் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார். கார் போயிற்று.

அதன்பின் எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வியாழக்கிழமைப் பெட்டி எது என்று தெரியும். பெரியவர்களும் அதற்காகத்தான் கோபத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு வேன் வந்தது. சொன்னபடியே தகரப் பெட்டி, சொன்னபடியே இரண்டு ஆள். கூட்டம் நெருக்கித் திறக்கச் சொன்னது. உள்ளே வட்ட வட்டமாக டப்பாக்கள்.

"இன்னாது இது?" என்றாள் அத்தை.

"படம்மா. நாளைக்கு ரிலீசு" என்றான் தூக்கி வந்தவன்.

"புதுப்படம் அத்தே" என்றேன் நான். அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் காத்திருந்த பெட்டி வந்தும் ஏன் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை என்று எனக்குப் புரியவில்லை.

வீடு வேறு ஆளுக்குப் போயிற்று. அத்தை பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலாளி பிடிபட்டு, வழக்கு நடந்து, பல வருடங்கள் கழித்துச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெட்டி என்ற சொல் தீர்ப்பில் எங்கும் இல்லை. மேனேஜரைப் பின்னாளில் சந்தித்துக் கேட்டேன். "நான் படப்பொட்டியத்தாம்மா சொன்னேன், அவங்க இன்னா நெனச்சாங்களோ" என்றார். பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

ஒரு விஷயம் மட்டும் மிச்சமிருக்கிறது. தியேட்டர் தரவேண்டிய பழைய பாக்கியைத் தீர்க்காமல் விநியோகஸ்தர்கள் படப்பெட்டியை விடமாட்டார்கள். ஆனாலும் அன்று பெட்டி வந்தது. தப்பிப் போகிற வழியில் செங்கல்பட்டில் காரை நிறுத்தி அந்தப் பாக்கியைக் கட்டியது முதலாளிதானா, கட்டியது யாருடைய பணம் என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.