ரேடியேட்டரில் மஞ்சள்தூள்

இன்று வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. சூடான இரும்பும் தண்ணீரும் கலந்த வாசனை. என் கால்கள் நின்றுவிட்டன.

கொரட்டூரில் அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் லுங்கி கட்டிக்கொண்டு அதன் அடியில் படுத்துவிடுவார். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூளைக் கொட்டுவார். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

"சாம்பாருக்குக்கூட இத்தினி போட மாட்டேன்யா" என்பாள் அம்மா.

அக்கா கல்யாணத்துக்கு வாடகைக் கார் பேசலாம் என்றாள் அம்மா. "எம் பொண்ணு என் வண்டிலதான் போவா" என்றார் அப்பா. கல்யாணத்தன்று காலை இரண்டு பிடி போட்டார்.

நசரத்பேட்டை கோயிலுக்குச் சற்று முன்னால் வண்டி கொதித்து நின்றது. அக்காவும் கூட வந்த மாமாவும் இறங்கித் தள்ளி நின்றார்கள். நேரமாகிவிட்ட பதற்றத்தில், சூடு ஆறும் முன்பே அப்பா மூடியைத் திறந்தார். மஞ்சள் தண்ணீர் பீறிட்டு, அவர் சட்டையிலும் அக்காவின் வெள்ளைப் புடவையிலும் தெறித்தது. யாருக்கும் சுடவில்லை. அப்பா துண்டால் துடைத்தார். கறை பரவியது.

"வுடு நைனா, இன்னும் பெர்சாவுது. பூச்செண்ட தாழ புடிச்சிக்கிறேன். வா, போலாம்."

"நீ மாமாவோட போம்மா. நான் வண்டியப் பாத்துகினு கீறேன்."

அக்கா வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பூச்செண்டு அவள் முழங்காலருகே இருக்கிறது. அப்பா ஒரு படத்திலும் இல்லை.