மாங்கேணியில் தெரிந்த உயரம்

மாங்கேணியில் எங்கள் பஸ் சூடாகி நின்றுவிட, எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைக்குள் நுழைகிறேன். கடைக்காரி ரஞ்சினியின் போன் பிஸ்கட் போத்தலில் சாய்ந்திருக்கிறது. திரையில், வீடியோ கோலில், அவருடைய கணவர். சவூதியில், உலகத்திலேயே உயரமாக எழும்பும் கட்டடத்தில் கொங்கிறீட் வேலை. வேலை முடிந்து, வெளிச்சுவரோடு ஓடும் கம்பிக்கூண்டு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

“கட்டடம் மேலே போகப் போக ஏன் ஒடுங்குகிறது?” என்று கணவரிடமே கேட்கிறேன்.

“காத்துக்குத்தான் அண்ணன். தட்டுக்குத் தட்டு அளவு மாறுது. காத்து ஒரேயடியா வந்து பிடிக்க ஏலா. கொங்கிறீட்டும் கீழ இருந்து குழாயிலதான் ஏறி வருது.”

அவர் தன் போனைக் கூண்டுக்கு வெளியே திருப்புகிறார். கடல் ஒரு நீலக் கோடு. கட்டடத்தின் மூன்று சிறகுகளும் பாலைமணலை நோக்கிச் சரிந்து விரிகின்றன. மனிதர்கள் இதைக் கணக்குப் போட்டு, ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள்.

ரஞ்சினி தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்க்கிறார். பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். கடையில் ஒருவரும் எழும்பவில்லை.

கூண்டு தரையைத் தொட்டு, கதவு திறக்கிறது.

“காலக் காட்டுங்க,” என்கிறார் ரஞ்சினி.

சிமெந்து படிந்த சப்பாத்து மணலில் நிற்கிறது.

“ஓம், இனிக் கட்டடத்தக் காட்டுங்க,” என்று ரஞ்சினி சிரிக்கிறார். “வடிவாத்தான் இருக்கு.”