தேரியிலிருந்து வந்த லாரி

அம்மா நின்றாள். அம்மாவின் தம்பி, லாரி மெக்கானிக் சுடலை மாமா நின்றார். அப்பாவுக்கு மூத்தவர், எங்கள் பெரியப்பா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். புன்னக்காயலிலிருந்து மாமா கூட்டி வந்த டிங்கர் சந்தியாகு கையில் சுத்தியலோடு நின்றார். நான் நின்றேன். எனக்குப் பத்து வயது. வேறு ஆள் இல்லை.

உச்சி வெயில். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காடு. செம்மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. மணலுக்குள்ளிருந்து பழைய பெட்ரோல் வாடை வந்தது.

தேரி ஓரிடத்தில் நிற்காது. ஆடிக் காற்றில் நேற்றைய மேடு இன்றைக்குப் பள்ளமாகும். அந்த வருஷக் காற்று ஒரு லாரியின் கூரையை மணலுக்கு வெளியே காட்டிவிட்டது. பனையேறப் போனவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அது அப்பாவின் லாரி.

நாங்கள் அதை ‘மூக்கு லாரி’ என்போம். இன்ஜின் பெட்டி முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடிய பெட்ரோல் வண்டி. பட்டாளம் கழித்துப் போட்டதை யாரோ ஏலம் எடுத்து, கை மாறிக் கை மாறி அப்பாவிடம் வந்தது. கருப்பட்டி ஏற்றி வருகிறேன் என்று ஒருநாள் எடுத்துக்கொண்டு போனவர் வரவில்லை. நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். வேறு குடும்பம் இருக்கிறது என்றார்கள். அம்மா தினமும் பொட்டு வைத்தாள். தாலியைக் கழற்றவில்லை.

மணலை வாரி ஒதுக்கி, சந்தியாகு கதவை நெம்பினார். திறந்ததும் பின்னால் நகர்ந்தார்.

“மாதாவே! உள்ள ஒரு பொடி மண்ணு இல்லையே வே.”

இத்தனை வருஷமும் வண்டி முழுக்கப் புதைந்து கிடந்தது. கதவு இடுக்கில் விரல் நுழையும். ஆனாலும் உள்ளே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அப்பாவின் செருப்பு இரண்டும் மிதிக்கட்டை ஓரம் ஜோடியாக இருந்தன. அப்பா வெறுங்காலோடுதான் ஓட்டுவாராம். இறங்கும்போது போட்டுக்கொள்வாராம். அந்த மணலில் செருப்பில்லாமல் யார் இறங்குவார்? ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. கருப்பட்டியும் இல்லை.

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அப்ப முடிஞ்சுது. ஆளு இல்லன்னு ஆயிப்போச்சு. காரியத்தச் செஞ்சிர வேண்டியதுதான். ஏட்டி, உங்கம்மாட்ட சொல்லு.”

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் புருஷனுக்கு மூத்தவரிடம் நேரே பேச மாட்டாள். அவரும் பேச மாட்டார். இரண்டு பேர் பேச்சும் என் வழியாகத்தான் போகும்.

“வண்டிதான் கெடச்சிருக்கு, ஆளு கெடைக்கலன்னு உங்க பெரியப்பாட்ட சொல்லு” என்றாள் அம்மா.

சொன்னேன்.

“எனக்குக் காது இருக்குட்டி” என்றார் பெரியப்பா.

அவர் கெட்டவர் இல்லை. அவர் மகள் செண்பகம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “உம்ம தம்பி இருக்காரா, இல்லையா?” இருக்கிறார் என்றால் எங்கே என்பார்கள். இல்லை என்றால், பின்னே அந்தப் பொம்பளை ஏன் பொட்டோடு திரிகிறாள் என்பார்கள். இரண்டு இடம் இப்படித் தட்டிப் போயிற்று.

அம்மா அன்றைக்குத் தேரியிலேயே ஒரு வார்த்தை கொடுத்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“வண்டிய அவுக ஓட்டும்போது எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கட்டும். ஒரு திருகாணி மாறக்கூடாது. அது ஓடட்டும். அந்தச் சத்தங் கேட்டும் அவுக வரலன்னா, தாலிய நானே கழத்தித் தாரேன்.”

டிராக்டர் கட்டி எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்கு இழுத்து வந்தோம். ஆற்றில் இறக்கிக் கழுவியபோது தாமிரபரணி அந்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஓடியது. கழுவி முடித்தபோது பாதிச் சாமான் உதிர்ந்து ஆற்றோடு போயிருந்தது. பிறகு மாமா ஷெட்டில் ஏற்றினார்கள்.

மாமாவிடம் எல்லாரும் டீசல் இன்ஜினைத் தூக்கி வை என்றார்கள். அவர் கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சாமான்தான் வேண்டும் என்று நாகர்கோவில் போனார், மதுரை போனார், கொச்சியில் பழைய இரும்புக் கடைகளில் நாள் கணக்காகக் கிடந்தார். கார்புரேட்டர் அங்கே கிடைத்தது. கோடு போட்ட ஹெட்லைட் கண்ணாடி ஒன்று மதுரையில், ஒன்று வேறெங்கோ. கிடைக்காததைச் சந்தியாகு தகடு தட்டிச் செய்தார்.

சாயங்காலம் அம்மா வயல் வேலை முடிந்து என்னோடு வருவாள். வண்டியைச் சுற்றி நடப்பாள். தொட்டுப் பார்ப்பாள். பாதி நாள் “இது இல்லை” என்பாள்.

மாமா ஒருமுறை இடது கதவுக்கு அசல் கைப்பிடி கொண்டு வந்தார். அந்த வண்டிக்கே வந்த கைப்பிடி, துரு இல்லாதது. சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா பார்த்தாள்.

“இது இல்ல தம்பி. அவுக பீரோக் கைப்பிடியில்லா போட்டிருந்தாக.”

“எக்கா, இதுதாங்கா அசலு!”

“வண்டிக்கு அசலு. அவுகளுக்கு அது இல்ல.”

மாமா கைப்பிடியைக் கழற்றினார். “அத்தான் வண்டிய இம்புட்டுப் பாத்திருக்க மாட்டாருக்கா. நீயில்லா பாத்திருக்க.”

கியர்த் தடிக்கு மேல் நீலக் கண்ணாடி உருண்டை. மட்கார்டு கிளிப்பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஸ்டியரிங்கில் சுற்றிய சணல் கயிறு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் அல்ல. அம்மா சொல்லச் சொல்ல மாமா செய்தார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று பெரியப்பா நினைத்தார். “ஏட்டி, இந்த வண்டி செஞ்சு முடிக்கதுக்குள்ள செண்பகத்துக்கு நர வந்துரும்னு சொல்லு” என்றார். நான் சொல்லவில்லை. அம்மா கேட்டுவிட்டாள்.

இன்ஜினை ஏற்றிய பிறகு வண்டி வலது பக்கம் சாய்ந்தது. டிரைவர் உட்காரும் பக்கம். கொஞ்சம்தான், ஆனால் பார்த்தால் தெரியும். மாமா அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினார். மறுபடி சாய்ந்தது. சக்கரத்தை மாற்றிப் பார்த்தார். சாய்ந்தது. சீட்டுக்குப் பழைய முறையில் தேங்காய் நார் அடைத்து, கித்தான் தைத்துப் போட்டார்கள். மறுநாள் நடுவில் குழி விழுந்திருந்தது. ஷெட்டைப் பூட்டிச் சாவியை மாமாதான் வைத்திருந்தார்.

சந்தியாகு அதற்குப் பிறகு மத்தியானத்தில் வண்டிக்குள் ஏறுவதில்லை. கேட்டால், “வெக்க தாங்கல” என்பார். வெளியே வெயிலில் நின்று வேலை செய்வார்.

கடைசியாக ஹாரன். ரப்பர் உருண்டை வைத்த பித்தளை ஹாரன். அம்மா பலதை வேண்டாம் என்றாள். ஒன்று கீச்சென்றது, ஒன்று ஆடு கத்துவது போல என்றாள். பிறகு ஒன்று வந்தது. அம்மா அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். குறை சொல்ல வாயைத் திறந்தாள், குறை கிடைக்கவில்லை. கழுத்துத் தாலியில் கை வைத்துக்கொண்டு, மண்ணிலே உட்கார்ந்தாள்.

பெரியப்பா அன்றைக்கே ஐயரிடம் காரியத்துக்கு நாள் கேட்டு வந்தார்.

வண்டி ஓடியது. முன்னால் கம்பி விட்டு மாமா சுற்றினார், இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலம் வரை போய் வந்தார். இறங்கியபோது முகம் சரியில்லை.

“சீட்டுல இடம் பத்தல. ஓரத்துல ஒண்டிக்கிட்டில்லா ஓட்டிட்டு வாரேன்.”

அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் பக்கம், ஊர்ப் பக்கம். வண்டிச் சத்தம் கேட்டு யாரும் வரவில்லை. பெரியப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மாமாதான் பேசினார். “இன்னும் முடியலக்கா. வண்டி சாயுது. அடிச்சட்டத்துக்குள்ள எங்கனயோ தேரி மண்ணு அடச்சுக் கெடக்கு. எட போட்டுப் பாப்போம். மண்ணு இருந்தா காட்டிக்கொடுத்துரும்.”

பெரியப்பா ஒத்துக்கொண்டார். எல்லாரும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

ஊருக்கு வெளியே எடைமேடை இருந்தது. நாங்கள் இறங்கினோம். மாமா வண்டியை மேடையில் நிறுத்தி இறங்கி, அம்மா பக்கத்தில் வந்து நின்றார். லாரிகளில் வெறும் வண்டி எடையைப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அப்பா எழுதியிருந்த எண்ணின் மேலேயே மாமா பெயிண்ட் ஓட்டியிருந்தார். 3150. எடை போடுகிறவர் அறைக்குள் உட்கார்ந்து கம்பியில் குண்டை நகர்த்தினார். வண்டியைப் பார்த்தார். மறுபடி நகர்த்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, வெறும் வண்டிதான? டிரைவரக் கீழ எறங்கச் சொல்லுங்க.”

“நாந்தாம்வே டிரைவரு” என்றார் மாமா.

அவர் மாமாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எடைச் சீட்டில் 3220 கிலோ என்று எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அம்மா திரும்பினாள். பெரியப்பாவை நேராகப் பார்த்தாள். அவள் அவரிடம் நேராகப் பேசி நான் கேட்டது அது ஒருதடவைதான்.

“கேட்டீகளா?”

பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில்தான் அப்படிக் கட்டுவார். திரும்பி வரும்போது நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். அம்மா முன்னால் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தாள்.

காரியம் நடக்கவில்லை. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் பெரியப்பா, “எந்தம்பி இருக்கான்” என்று மட்டும் சொன்னார். எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. அவர் சொன்ன விதம் அப்படி. செண்பகம் அக்கா கல்யாணத்தில் அம்மா சுமங்கலிகளோடு நின்று ஆரத்தி எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

சந்தியாகு அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மண்ணு இருக்கும், ஒருநாள் சட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மாமா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிரிக்கவில்லை. வண்டியை விற்கவும் இல்லை. அம்மா மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவாள். அங்கே வைத்துத்தான் சாப்பிடுவாள். யாரோடு பேசுகிறாய் என்று நான் கேட்டதில்லை.

இப்போது பெரியப்பா இல்லை. மாமா இல்லை. தேரியில் வேலி போட்டு முந்திரி வைத்திருக்கிறார்கள், மணல் நகர்வதில்லை. போன மார்கழியில் அம்மா போனாள். பொட்டோடும் தாலியோடும்தான் ஆற்றங்கரைக்குக் கொண்டு போனோம்.

தை பிறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் வந்தார். பீரோக் கைப்பிடியைப் பார்த்துச் சிரித்தார், ஆனாலும் மாற்ற மாட்டேன் என்றார். கொடுத்துவிட்டேன். டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் எடை போட வேண்டும் என்றார். இப்போது கம்பி, குண்டு எல்லாம் இல்லை. சிவப்பு எண் ஓடுகிறது. உள்ளே இருந்த பையன் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடைச் சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தான். வண்டியில் அப்பா எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

3150.