பாலத்தில் நிற்காத லாரி

எங்கள் ஊரில் ஒரு மோட்டார் வண்டி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பற்றி இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கரும்பு வெட்டு முடிந்த பிறகு நடந்தது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். வெட்டு தொடங்கி மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு முன்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அன்று மழை இல்லை. இந்தத் தீவில், வக்குவா நகரத்துக்கு மேலே எங்கள் பக்கத்தில் மழையில்லாத காலை அபூர்வம்; அதைக் குறித்து வைப்பது என் வழக்கம்.

வண்டியை ஓட்டியவர் என் அக்காவின் கணவர், எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். கொஞ்சம் சொந்த நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். மற்றச் சிறு தோட்டக்காரர்களைப் போல அவரும் அதுவரை மாட்டுவண்டியில்தான் கரும்பைச் சர்க்கரை ஆலையின் எடைமேடைக்குக் கொண்டுபோனார். வயலிலிருந்து ஆற்றுப் பாலம் வரை இறக்கம். பாலத்தைத் தாண்டியதும் எடைமேடை வரை செங்குத்தான ஏற்றம். இதனால் வண்டிக்காரர்களிடம் ஒரு முறை இருந்தது. இறக்கத்தில் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தாமலிருக்கப் பாரத்தைப் பின்தள்ளிக் கட்டுவார்கள். பாலத்தில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, பாரத்தை முன்னுக்கு இழுத்து மறுபடி கட்டுவார்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தில் வண்டி பின்னால் சாய்ந்து நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கிவிடும். இதை யாரும் யாருக்கும் விளக்கி நான் கேட்டதில்லை. பாலம் வந்தால் நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

அத்தானுக்கு மோட்டார் ஆசை வந்தது. வண்டி செய்துகொடுத்தவர் ஒரு மேஸ்திரி. அவருடைய முன்னோர்கள் புதுச்சேரியிலிருந்து வந்த தச்சர்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார், வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுவார், எங்களோடு தமிழ். கியூர்பிப் நகரத்தில் ஒரு பணக்காரரின் பெரிய கார் மரத்தில் மோதி நொறுங்கியபோது அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டும் பிழைத்தது. மேஸ்திரி அதை அத்தானின் பழைய சின்னக் காரில் பொருத்தினார். எஞ்சின் நீளமாக இருந்ததால் இடம் போதவில்லை. ஓட்டுகிறவரின் இருக்கையையும், பின்னால் கரும்பு ஏற்றுவதற்காக அடித்த பலகைத் தட்டையும் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினார். பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன; தட்டு அவற்றைத் தாண்டிப் பின்னால் நீண்டது.

முதன்முதலாக அதை முடுக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே என் உள்ளங்காலில் ஏறியது. வேலியோரத்துக் கோழிகள் ஓடவில்லை, படுத்துவிட்டன. இத்தனை பலத்தை மனிதன் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு வண்டிக்காரர்தான் முதலில் பேசினார்.

"மாட்டுக்கு யானை வயித்த வச்சுப்புட்டியே மேஸ்திரி. தீனிக்கு எங்க போவாரு எங்க மாப்ள?"

"நீ உன் மாட்டப் பாருய்யா," என்றார் மேஸ்திரி. "நாளைக்கு நீயே இந்தக் காமியோன்ல ஏறிக் குந்துவ."

லாரியை எங்கள் பக்கத்தில் காமியோன் என்பார்கள். வண்டிக்காரர் உண்மையாகவே ஏறினார். அந்தச் செவ்வாய்க்கிழமை கரும்பைத் தம் மாட்டுவண்டியில் கட்டுவது போலவே பின்தள்ளிக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்தார். நான் எடைச்சீட்டுக்காக அவர்களோடு போக வேண்டியவன், பாலத்தில் காத்திருந்தேன். லாரி இறங்கி வந்தது. வண்டிக்காரர் மேலிருந்து பலகையைத் தட்டினார்.

"நிறுத்து மாப்ளே. பாரத்த முன்னுக்கு இழுத்துடுவோம்."

"இதுல நுகமா இருக்கு, தூக்கிக்க?" என்று அத்தான் சிரித்தார். "கெட்டியாப் புடிச்சுக்க மாமா."

மிதித்தார். லாரி ஏற்றத்தில் பாய்ந்தது. முன்பக்கம் எழுந்தது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் சாலைக்கும் நடுவில் எதிர்ப்பக்கத்து மலையை நான் பார்த்தேன். அச்சத்தைவிட வியப்புதான் முதலில் வந்தது என்பதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிறகு கரும்பு சரிந்தது. வண்டிக்காரர் அதோடு விழுந்தார், கட்டு முழுவதும் அவருடைய வலது காலின் மேல் விழுந்தது. பாரம் போனதும் முன்பக்கம் தடாலென்று இறங்கி, லாரி பக்கத்துக் கரும்புக்குள் புகுந்து நின்றது.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மறுநாள் போலீஸ் சார்ஜென்ட் வந்தார். வண்டிக்காரரின் காலை வெட்டி எடுக்க வேண்டி வந்தால், குற்றவாளியாக எழுதப்படுகிறவர் சிறைக்குப் போவார் என்றார். அவருடைய தாளில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

"நான் வண்டிதான் செஞ்சேன்," என்றார் மேஸ்திரி. "பாரத்த எங்க வைக்கணும்னு வண்டி வாயத் தொறந்து சொல்லுமா?"

"பலகைய ஒரு முழம் பின்னால தள்ளினது யாரு? நானா?" என்றார் அத்தான்.

"மாட்டுவண்டிக்காரனுக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியலியே தம்பி."

மேஸ்திரி சார்ஜென்ட்டிடம் திரும்பி, பாரத்தை முறைப்படி முன்னால் வைத்து அதே ஏற்றத்தில் தாமே ஓட்டிக்காட்டுவதாகச் சொன்னார். "அப்பவும் எழும்பினா என் பேர எழுதுங்க, மிஸ்யே," என்றார், ஐயா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லில்.

வியாழக்கிழமை ஊரே பாலத்தில் கூடியது. பாரத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது என்று சார்ஜென்ட் உத்தரவிட்டார். கரும்பு மேஸ்திரியின் முதுகை ஒட்டி அடுக்கப்பட்டது. சார்ஜென்ட்டும் அத்தானும் நானும் லாரிக்குப் பின்னால் நின்றோம். லாரி உறுமியது, ஏறியது, கோடு போட்டது போல நேராகப் போய் உச்சியில் நின்றது. கூட்டம் மூச்சுவிட்டது. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் தம் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜென்ட் பேனாவைத் திறந்தார்.

மேஸ்திரி மேலிருந்து நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எழும்பிச்சு," என்றார்.

"நான் பாக்கல," என்றார் சார்ஜென்ட். "யாருமே பாக்கல."

"நீங்க பின்னால நின்னீங்க. கரும்பு மறைச்சிருக்கும். ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. பாதி மேட்டுல கனமே இல்லாமப் போச்சு. ரெண்டு மூச்சு விடற நேரம். அப்பறம் திரும்பி வந்துச்சு."

"எவ்வளவு எழும்பிச்சு?"

"ஒரு விரக்கடையோ ஒரு சாணோ, தெரியல. சக்கரம் தரையில இல்ல. அது மட்டும் தெரியும்."

நான் புத்தகங்களில் எத்தனையோ பெரிய மனிதர்களின் நேர்மையைப் படித்தவன். தம் இரண்டு உள்ளங்கைகளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சாட்சியை, தமக்கு எதிராக, ஒரு மேடு முழுவதும் இறங்கி வந்து ஒப்படைத்த ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அவர் உச்சியிலேயே நின்று கையசைத்திருந்தால் போதும்.

பிறகு அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு மாமா நிறுத்தச் சொன்னாரு. நான்தான் நிறுத்தல. எஞ்சின் இருக்கேங்கிற திமிரு. அதையும் எழுதுங்க."

சார்ஜென்ட் எரிச்சலோடு தாளைத் தட்டினார். "ஒரு கோடுதான் இருக்கு. எந்தப் பேர எழுத?"

"சின்னதா எழுதினா ரெண்டும் அடங்கும்," என்றார் மேஸ்திரி.

அடங்கியது. சாட்சியாக நான் கீழே கையெழுத்திட்டேன்.

கால் தப்பியதால் இருவரும் சிறைக்குப் போகவில்லை. தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. அத்தானின் ஓட்டுநர் உரிமம் அடுத்த வெட்டு முடியும் வரை பறிக்கப்பட்டது. போலீஸ் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் மேஸ்திரி எந்த வண்டியிலும் எஞ்சின் மாற்றக் கூடாது என்றார்கள். ஆனால் கால் தப்பும் என்று யாருக்கும் தெரியாதபோதே, அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் போனேன். வண்டிக்காரர் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"யாரு பேர எழுதினான்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு பேரும்," என்றார் அத்தான்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் யாரத் திட்டறது?"

இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"உக்காருங்க," என்றார். "ஒவ்வொருத்தராத் திட்டறேன்."

கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவர் மேஸ்திரியிலிருந்து தொடங்கினார். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தபோது அத்தானின் முறை பாதியில் இருந்தது. தாதி வந்து சொல்லியும் அத்தான் எழுந்திருக்கவில்லை.