பங்கேற்பாளர் ஏழு

எங்கள் ஊர்க் கோயிலில் எரியும் டியூப்லைட்டுகளில் ஒன்று என்னுடையது. எது என்று தேட வேண்டாம். எதில் வெளிச்சம் குறைவோ அதுதான். 'உபயம்' என்று ஆரம்பித்து என் பேர், என் அப்பா பேர், டிராவல்ஸ் பேர், செல் நம்பர் எல்லாம் எழுதியதில், வெளிச்சம் வெளியே வர இடம் போதவில்லை. "கொஞ்சம் சுருக்கலாமே" என்று அர்ச்சகர் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். பேரைச் சுருக்கவா நான் உழைத்தேன்? எட்டாவது பெயில். லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கியவன். இன்றைக்கு உத்திரமேரூரில் மூன்று வேன், வேன் நிற்கும் ஷெட்டுக்கு மேலே வாடகைக்கு விடும் அறைகள் என்று நிற்கிறேன். அறைகள் நாலுதான் என்றாலும் போர்டில் 'விருந்தினர் மாளிகை' என்றுதான் போட்டிருக்கிறேன்.

என் மருமகள் காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சுற்றுலாப் பாடம் நடத்துகிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "வண்டி ஓட்டனா தொழிலு, அதையே போர்டுல எழுதனா படிப்பா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். டாக்டர் பட்டத்துக்கான அவளுடைய ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையையாவது ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமாம். அந்தக் கல்வியாண்டுக்குள் அது நடக்காவிட்டால் பட்டமும் தள்ளிப்போகும், கல்லூரியில் வேலையும் நிலைக்காது. கட்டுரை எங்கள் ஊரைப் பற்றியது. இங்கிருக்கும் சோழர் காலக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு என்ன பிழைப்பு என்று எழுதியிருந்தாள்.

ஊரைப் பற்றி என்றால் என்னைக் கேட்காமல் முடியுமா? கடைக்காரர், ஆட்டோக்காரர் என்று பலரிடமும் போனை நீட்டிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு, கடைசியில் என்னிடமும் வந்தாள். நான் சும்மா பேசவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேசினேன்.

"வெளிநாட்டுக்காரன் வந்தான்னு வெச்சிக்கோ, நேரா நம்ம மாளிகைக்குத்தான் வருவான். ராத்திரி தங்கிக்கினு, காலைல நாஷ்டா துன்னுட்டு, திருப்புட்குழி, ஐயங்கார்குளம் எல்லாம் நம்ம வேன்லயே சுத்திட்டுத்தான் ஊருக்கே போவான்."

அவள் தலையை ஆட்டினாள். படித்த பெண் தலையை ஆட்டினால் நம்பிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையை அச்செடுத்து வந்தபோது புரட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ். படிக்கத் தெரியாதே தவிர, பேர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்திலும் இல்லை.

"எழுதனது யாருன்னே காணோமே?"

"போடக் கூடாது மாமா. படிச்சிப் பாத்து தேறும் தேறாதுன்னு சொல்றவங்களுக்கு, எழுதனவங்க யாருன்னு தெரியக் கூடாது. அவங்க யாருன்னு நமக்கும் சொல்ல மாட்டாங்க."

"இன்னாம்மா இது, மொட்டக் கடுதாசி மாதிரி?"

"தெரிஞ்சவங்கன்னு யாரும் சலுக காட்டிடக் கூடாதில்ல, அதுக்குத்தான்."

எனக்கு மனசு ஆறவில்லை. ஊர் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. இங்கே பேரில்லாமல் ஒரு காரியமா? அவள் பேர் போகட்டும். அதிலிருந்த போட்டோக்கள் என் போட்டோக்கள். வேனில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கல்வெட்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நான் எடுத்தவை. படங்களின் அளவை மாற்றிக்கொண்டு வரும்படி அவள் பென்டிரைவைக் கொடுத்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்தவரிடம், ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஓர் உபய வரி போடச் சொன்னேன். அதிலும் எனக்கு நாகரிகம் உண்டு. சிவப்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கல் நிறத்திலேயே போடுங்கள் என்றேன். அவரும் கைதேர்ந்தவர். கல்லில் செதுக்கினது போலவே போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய எழுத்து வரிசைக்குக் கீழே என் டிராவல்ஸ் பேரும் செல் நம்பரும் அப்படியே பொருந்திப்போயின. சோழன் காலத்திலேயே எனக்கு வேன் இருந்தது என்று சொன்னால் நம்பலாம்.

அவ்வளவு பொருத்தமாக இருந்ததால்தான் மருமகள் கண்ணில் படவில்லை. கடைசி நாள் அவசரத்தில், கல்வெட்டோடு கல்வெட்டாக அதையும் அனுப்பிவிட்டாள்.

ஆய்விதழின் ஆசிரியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். என் டிராவல்ஸுக்கு என் மகன் பேர்தான். மருமகள் பேருக்குப் பின்னாலும் அதே பேர். கட்டுரை எழுதியவரின் அடையாளம் படத்தில் தெரிகிறது, விளம்பரமும் இருக்கிறது, இரண்டையும் நீக்கி மறுபடி அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்.

போனை என் முன்னால் நீட்டினாள். "மாமா, இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? கல்வெட்டுல உங்க செல் நம்பரு கீது!"

"நல்லாத்தான கீது?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதற்கு மேல் பேசவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நல்லவேள, தன்னோட கலர் போட்டோ ஒண்ணு மால போட்டுகினு ஒட்டாம வுட்டாரே!"

உபயத்தை நீக்கி மறுபடி அனுப்பினாள். திரும்ப வரிசையில் நின்று, கட்டுரை பரிசீலனைக்குப் போய்ப் பதில் வந்தபோது அவளுடைய கெடு நெருங்கிவிட்டது. படித்துப் பார்த்த இருவரில் ஒருவர் நன்று என்றிருந்தார். இன்னொருவர் ஒரே ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டார். பேட்டி கொடுத்தவர்களுக்கு அவள் பேர் போடாமல் எண்தான் போட்டிருந்தாள். மூன்றாம் பங்கேற்பாளர், வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு உடனே பட்டுப்புடவை வாங்கக் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார். ஏழாம் பங்கேற்பாளரோ, எல்லோரும் இரவு தங்கிச் சுற்றுவட்டாரமெல்லாம் பார்க்கிறார்கள் என்கிறார். ஏழாமவர் மிகைப்படுத்துவதாகத் தெரிகிறது, சரிபார்க்காமல் இந்த முடிவை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தாராம்.

"யாரும்மா அந்த ஏழு?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். எங்கோ, பேர் தெரியாத ஒரு மனிதன், என் முகத்தைப் பார்க்காமலே என்னைச் சரியாக அளந்துவிட்டான். இத்தனை வருஷம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு அது முடியவில்லை. அல்லது முடிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவள் போனை மறுபடி நீட்டினாள். "கோச்சிக்காதீங்க மாமா. நெசம் இன்னான்னு சொல்லுங்க. தங்குறாங்களா, இல்லியா?"

இந்த முறை பனியனோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே என் மாளிகை தெரிந்தது. பூட்டிய அறைகள், கொடியில் டிரைவரின் லுங்கி. அவள் பட்டம் ஒரு பக்கம், என் மாளிகை ஒரு பக்கம்.

"தங்குறாங்க," என்றேன். "கல்யாணத்துக்கு வர்றவங்க. முகூர்த்த மாசத்துல ரூமுக்கு அடிதடி. ஆடியில வந்து பாரு, நானும் கொசுவும்தான். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் வந்தாம்மா. பாத்ரூம் எங்க கீதுன்னு கேட்டுப் போனான். அவ்ளோதான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இத இன்னொரு வாட்டி மெதுவா சொல்லுங்க மாமா" என்றாள். எங்கள் ஊரில் தங்கும் அறைகளை வாழவைப்பது கல்வெட்டு இல்லை, கல்யாணம்தான் என்று கட்டுரையின் முடிவைத் திருத்தி எழுதி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். கெடுவுக்குள் ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள்.

பேட்டி கொடுத்தவர்கள் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு விதியாம். கட்டுரை அச்சில் வந்ததும், ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கல்வெட்டு மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பாய் டீக்கடைக்குப் போனேன்.

"பாய், இதுல ஏழுன்னு வருது பாரு, அது நான்தான். வெளில சொல்லிடாத."

பாய் கிளாஸைக் கழுவியபடியே சொன்னார்: "மொதலாளி, நான் மூணு. நீயும் சொல்லிடாத."

டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று வேறு யார் சொல்லியிருப்பார்கள்! வந்த கோபத்தை விட, யார் எத்தனை இடத்தில் வருகிறோம் என்கிற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். பெஞ்சில் தாளை விரித்து விரல் வைத்துத் தேடினோம். அவருக்கு நிறைய மூன்று அகப்பட்டது. நான் விடவில்லை. ஏழு ஒன்றைக் கண்டுபிடித்தேன், இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அப்புறம் பக்கத்தின் மூலையில், தனியாக, தெளிவாக, ஒரு பெரிய ஏழு.

"பாத்தியா பாய், எனக்குத் தனி இடமே குடுத்துகீறாங்க."

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நைனா, அது பக்க நம்பரு" என்றார்.