கெடு முடிந்த நான்காம் நாள்

செவ்வாய்க்கிழமை காலை நீலா டீச்சரின் மகன் தொலைபேசியில் அழைத்து, அம்மா போய்விட்டார் என்று மலாயில் சொன்னான். மலாக்காவின் காஜா பெராங்கில், மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருந்த வீட்டில், அவருடைய பழைய மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். "முதல் தடவை மார்க் பத்தாம காலேஜில திருப்பி அனுப்பிட்டாங்களாம். டீச்சர் விடல, மறு வருஷமும் போனாங்க லா" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்க் பத்தவில்லை என்ற அந்தப் பொய் முதலில் என் வாயிலிருந்துதான் கிளம்பியது. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருடம். நீலாவும் நானும் ஒரே ஆங்கிலப் பள்ளியில் தற்காலிக ஆசிரியைகள். அவருக்குத் தமிழ் அதிகம் வராது. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். ஒரு நாள் பள்ளி அலுவலகக் கிராணி, "நீங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பப் பாரம் அனுப்பலையா? கெடு முடிஞ்சு நாலு நாளாச்சே. நீலா டீச்சர் அனுப்பிட்டாங்க" என்றார். அதற்கான சுற்றறிக்கை எதுவும் என் கைக்கு வரவில்லை. அது ஏன் எனக்கு வரவில்லை என்று வகுப்புக்குப் போய் நீலாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார். நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கோ. நேரா காலேஜுக்கே போய்க் கேட்போம்."

இவருக்கு ஏன் இந்த அக்கறை? நான் திருப்பி அனுப்பப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பேருந்தில் என் சான்றிதழ்களைத் தன் கைப்பையில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. வழி முழுவதும் மடியிலேயே வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கல்லூரி அலுவலகத்தில், "தேதி முடிஞ்சிருச்சு, அடுத்த வருஷம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். நான் திரும்பினேன். நீலா யாரையும் கேட்காமல் முதல்வரின் அறைக்கதவைத் தட்டி உள்ளே போனார். பின்னாலேயே ஓடினேன். எனக்குத் தெரியாமல் என்ன பேசப் போகிறார் என்ற பயம்.

"துவான், சுற்றறிக்கையை இவங்ககிட்ட காட்டச் சொல்லித்தான் என்கிட்ட கொடுத்தாங்க. நான் காட்டல. ஒளிச்சு வச்சேன்" என்று முதல்வரிடம் சொன்னார் நீலா.

முதல்வர் வெள்ளைக்காரர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்கள் இருவரும் சேர்ந்து ஜோடித்த கதையா?" என்றார்.

நீலா கைப்பையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார். எங்கள் இருவரின் பெயர்கள்; கையெழுத்து நீலாவுடையது மட்டும்.

முதல்வர் என் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார். பிறகு நீலாவின் பாரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆண்டு வாருங்கள்" என்றார்.

திரும்பி வரும்போது, "ஏன் அப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னைவிட மார்க் கூட. நம்ம ஸ்கூலுக்கு ஒரு இடம்தான்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குச் சொன்ன?"

"நேத்து நீ நேரா வந்து கேட்ட. தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் சோறு இறங்கல லா."

அதையும் நான் நம்பவில்லை. இதற்குப் பதிலாக என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். எதுவுமே கேட்கவில்லை. மறு வருடம் அதே கல்லூரியில் சேர்ந்தார். பிறகு மலாக்காவில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார்.

ஆனால் அந்த வாரம், நீலாவின் பாரம் ஏன் திரும்பி வந்தது என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். "மார்க் பத்தலையோ என்னவோ" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கிடைத்த இடத்தைப் பற்றியும் பேச்சு வருமே என்று பயந்தேன். நீலா அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீலா என்றால் எனக்கு நினைவில் நிற்பது, அவர் அந்தக் கதவைத் தட்டிய சத்தம். தன் தவற்றைச் சொல்ல அவருக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. நான் என் பொய்யை ஒப்புக்கொள்ளவோ, கேட்க முடியாத இடத்துக்கு அவர் போக வேண்டியிருந்தது.