அக்காவின் படத்துக்குக் கீழே ஒரு தொலைபேசி இலக்கம்

ஜெசிந்தாக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. மொன்றியல் டவுன்டவுனில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். மால்டாத் தீவில் எங்களோடு ஆங்கிலம் படித்த ஒருத்தி, இப்போது இத்தாலியில் இருப்பவள், வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீலக் கடல், மஞ்சள் கல் மதில், அதன் முன்னால் சிவப்புச் சுடிதாரில் சிரிக்கிற ஜெசிந்தாக்கா. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தது. கீழே, ‘ஐரோப்பாவில் ஆங்கில உயர்கல்வி கற்று, கனடாவில் சிறப்புற வாழ்ந்த எமது முதல் மாணவி’. அதற்கும் கீழே, அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில், மட்டக்களப்பிலுள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவரின் தொலைபேசி இலக்கம்.

அதன் பிறகுதான் அக்காவின் கணவர் யோகன் அண்ணை என்னைப் பலமுறை அழைத்திருந்ததைக் கண்டேன். திருப்பி எடுத்தபோது, “விடிய எழுப்பினன் தங்கச்சி, எழும்பேல்லை” என்று மட்டும் சொன்னார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. ஊருக்கு அவர் சொல்லிச் சில மணி நேரத்துக்குள் அந்த முகவர் அஞ்சலிப் படமும் செய்து முடித்துவிட்டார். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி யோகன் அண்ணை கேட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவோடு சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டியவர்கள். சிலர் கோயிலில் அவரோடு பாடியவர்கள். ஓயாமல் கை கழுவுகிறவர் என்றும், யார் வீட்டுக்குப் போனாலும் கட்டில் விரிப்பை மோந்து பார்க்கிறவர் என்றும் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள். “மகாராணி வாறா” என்பீர்கள். அவரும் சிரிப்பார். அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்புக் கல்லடி. இருவரையும் அனுப்பியது அதே முகவர்தான். பெயரை எழுத எனக்குக் கை கூசுகிறது. காலையில் வகுப்பு, பின்னேரம் கடற்கரை, வேலை தானாகக் கிடைக்கும், ஆங்கிலம் வந்துவிட்டால் எந்த நாடும் கதவைத் திறக்கும் என்று தேன் ஒழுகப் பேசினார். போய் இறங்கினால் நிலத்தடியில் ஒரு வீடு. சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அடுக்குக் கட்டில்களில் எங்களைப் போன்ற பெண்கள். எனக்குப் பின் வந்து சேர்ந்த ஜெசிந்தாக்கா (‘முதல் மாணவி’ என்பதும் பொய்தான்) பெட்டியைக் கீழே வைக்கவேயில்லை. “இஞ்ச ஏதோ செத்துக் கிடக்கு புள்ள” என்றார். குளிர்சாதனப் பெட்டியை இழுத்துப் பின்னால் எல்லாம் தேடினோம். ஒன்றும் சாகவில்லை. அறையின் வாசமே அதுதான்.

“பழகிடும் அக்கா” என்றேன்.

“பழகாத புள்ள. நாம பழகிட்டமெண்டு தெரிஞ்சா இன்னும் நாலு பேரக் கொண்டு வந்து போடுவாங்க.”

நாங்கள் பழகினோம். அவர்கள் கொண்டுவந்து போட்டார்கள். அக்கா மட்டும் கடைசிவரை மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வைக்கு அழகான கட்டடம், பல்கனியில் பூச்சட்டி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது மாணவர்கள் வருவார்கள். இத்தாலியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஒன்றிரண்டு கிழமை கடலில் குளித்துவிட்டுப் போக வருகிறவர்கள். அவர்களுக்காகத் திங்கட்கிழமை தோறும் பாடம் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் பெயர் என்ன, உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும், வார விடுமுறையில் என்ன செய்தீர்கள். அவர்கள் போய்விடுவார்கள், நாங்கள் இருப்போம், மறுபடி பெயர் என்ன, நிறம் என்ன. மாதக்கணக்கில் அந்தப் புத்தகத்தின் முதற் பக்கங்களைத் தாண்டவில்லை. கொஞ்சம் கூடப் படிக்கக் கேட்டால், இருப்பது இந்த வகுப்புத்தான் என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு திங்கட்கிழமை அதே கேள்வி சுற்றி வந்தது. ஒருத்தி படகில் போனாளாம். ஒருவன் நடனமாடினானாம். அக்காவின் முறை வந்ததும் எழுந்து நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “நான் ஹோட்டலில் துப்புரவு வேலை செய்கிறேன். ஓர் அறையில் குடித்துவிட்டுக் கட்டில் முழுக்கச் சத்தி எடுத்திருந்தார்கள். கையுறை தரவில்லை. கையால் அள்ளினேன்.”

படிப்பித்த பெண், கோடைக்கு மட்டும் வந்த சின்னப் பெண், கன்னம் சிவந்துபோய், “வேறு ஏதாவது நல்ல விசயம் சொல்லலாமே” என்றாள்.

“இதுதான் நல்ல விசயம். போன கிழமை நடந்ததை நான் சொல்லவில்லை” என்றார் அக்கா.

பக்கத்தில் இருந்தவள் தன் கதிரையை மெல்ல அப்பால் நகர்த்தினாள். சத்தி எடுத்தவர்கள் மேல் வராத அருவருப்பு, அதை அள்ளியவர் மேல் வந்தது. அன்றைக்கு எனக்கு அந்த வகுப்பே நாறியது.

வகுப்பில் அப்படி வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசியவர், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் கடலோரம் போய்ப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். அஞ்சலியில் போட்ட அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அவருடைய உடுப்பெல்லாம் ஈரத்தில் மணத்துக் கிடந்ததால் என்னுடைய சிவப்புச் சுடிதாரைப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்துப் பூரித்துப்போன அவருடைய அம்மா, நன்றி சொல்வதாக நினைத்து அதை முகவருக்கும் அனுப்பிவிட்டார். பிறகு பார்த்தால் மட்டக்களப்பில் விளம்பரப் பலகையில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறார். அக்கா முகவருக்குப் போன் எடுத்து, “என்ட படத்தக் கழட்டுங்க” என்றார். “உங்களப் பாத்து எத்தின புள்ளைகள் முன்னேறப் பாக்குதுகள் தங்கச்சி” என்று அந்த ஆள் குழைந்தார். அக்கா போனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினார். பிறகு வாயும் கொப்பளித்தார்.

“வீட்டில உண்மையைச் சொல்லுங்கோவன் அக்கா” என்றேன்.

“அம்மா கோயில்ல எல்லாருக்கும் சொல்லிட்டா புள்ள, மகள் ஐரோப்பாவில படிக்கிறா எண்டு. இப்ப நான் வாய் திறந்தா அம்மா பொய்காரி ஆகிருவா.”

இருவரும் இங்கேயுள்ளவர்களைக் கல்யாணம் கட்டித்தான் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா சென்ட் லோரன்ட், நான் கர்க்லாண்ட். அந்தத் தீவில் நாங்கள் படித்ததாகச் சொல்லப்பட்ட ஆங்கிலத்துக்கு இங்கே பஸ்ஸில்கூட வேலையில்லை, எல்லாம் பிரெஞ்சு. குடியேறி வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அக்கா எனக்குப் போன் எடுத்துக் கத்தினார். “வார விடுமுறையில என்ன செஞ்சீங்க எண்டு கேக்கிறா புள்ள! எழும்பி ஓடப் பாத்தன்!” அடுத்த கிழமை மறுபடி எடுத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. “புள்ள, அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க.” அதைச் சொல்லத்தான் எடுத்தாராம். பிறகு அவர் பிரெஞ்சில் எவ்வளவு தேறினார் என்பதை, பழைய பாலை விற்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மூலைக்கடைக்காரரிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டிருப்பேன். ஆனால் அக்காவின் தம்பி அன்ரனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், றோஷினி. கெட்டிக்காரி. ஊரில் உயர்தரம் முடித்தவள். அவளை அதே முகவர் மூலம் அதே தீவுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது, “மாமி மாதிரி வரட்டும்” என்று. இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா என் வீட்டுக்கு வந்து, குசினியில் வெங்காயம் உரித்தபடி இருந்தார். “அம்மாவும் இப்ப இல்ல. இனி யாருக்காக மறைக்கிற? நேர போய்ச் சொல்லப் போறன். போன்ல எண்டா நான் இளகிருவன். அன்ரனுக்குக் கோவம் வரும், வரட்டும்” என்றார். தொழிற்சாலையில் விடுமுறையும் கேட்டுவிட்டார். போவதற்கு முன் போய்விட்டார்.

உடலைப் பார்வைக்கு வைத்த நாளில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கைப்பேசியைப் பார்த்து அக்காவின் வாழ்க்கை வரலாறு என்று வாசித்தார். ஐரோப்பாவில் ஆங்கில உயர்கல்வி, எமது முதல் மாணவி, அப்படியே அந்த முகவரின் வசனம், ‘எமது’கூட மாறாமல். அதோடு விட்டாரா? “அன்னாரின் மருமகளும் அதே பாதையில் விரைவில் பயணிக்க உள்ளார்” என்று றோஷினியையும் சேர்த்தார். நேரலையில் ஊரில் அன்ரன் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பெட்டிக்குள் பேசாமல் கிடந்தார். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒன்றை நான் கேட்டதில்லை.

வெளியே அவர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். “உதுகள் பிழையான கதை அண்ணை. ஆர் தந்தது?”

“செத்த வீட்டில உதெல்லாம் கதைக்கக் கூடாது தங்கச்சி.”

“செத்த வீட்டில விளம்பரம் வாசிக்கலாமோ?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து அன்ரனுக்கு எடுத்தேன். அக்கா சொல்ல இருந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவர் வெடித்தார். “செத்தவள ஏன் கேவலப்படுத்திறீங்க? எங்கட அக்கா படிக்கப் போனவ!”

“படிக்கத்தான் போனவ அன்ரன். படிப்பிக்கேல்லை. கேவலம் அவவில இல்லை, அனுப்பினவனில.”

அந்தப் பக்கம் கைப்பேசி கை மாறியது. “அன்ரி, றோஷினி கதைக்கிறன். மாமி அங்க என்னதான் செஞ்சவ?”

எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சணம், கட்டில் விரிப்பு, கையால் அள்ளியது, திரும்பத் திரும்ப முதலாம் பாடம். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். “அவன் ஒபிஸ்ல மாமிட படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்கான் அன்ரி. அதுக்கு முன்னால இருத்தித்தான் வாற ஆக்களோட கதைக்கிறான். என்னையும் அங்கதான் இருத்தினவன்.”

மறுநாள் அவள் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கினாள். படத்தைக் கேட்டதற்கு முகவர், “உங்கட மாமிட ஆத்துமா கவலப்படும் மகள்” என்றாராம். அவள் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். மாலையை அவருடைய மேசையில், அவருக்கு முன்னாலேயே வைத்துவிட்டு வந்தாளாம். அன்ரன் தடுக்கவில்லை.

போன கிழமை அன்ரன் எனக்கு எடுத்தார். நான் இந்த மலரில் எழுதுவது அவருக்குத் தெரியும். முன்னைய கோபம் இல்லை. “எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா அக்கா அங்க ஒரு நாளாவது சந்தோசமா இருந்தவ எண்டு ஒரு வரி போடுங்க. நான் அத வெச்சிக்கொள்ளுறன்” என்றார்.

தேடினேன் அன்ரன். அந்த வீட்டையும் வகுப்பையும் ஹோட்டலையும் நாள் நாளாகத் திருப்பிப் பார்த்தேன். சிரித்த நாட்கள் உண்டு. எங்களை அழவிடாமல் இருக்க அவர் சிரித்தவை. அவற்றைச் சந்தோசம் என்று எழுதினால் அந்த முகவர் நாளைக்கு அதையும் எடுத்துப் போட்டுக்கொள்வார். ஊரே சகித்துக்கொண்டதை ஒரு நாளும் சகிக்காத உங்கள் அக்காவின் முகச்சுளிப்பு என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்திருக்கிறேன், றோஷினியிடமும் இருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி என்னிடம் இல்லை.